ஸ்பிளிட்டர் வாங்கலாமா? கன்சோல் விளையாட்டைப் பதிவு செய்ய நான்கு வழிகள்

போன கோடை விடுமுறைக்கு அக்கா மகன் வந்திருந்தான். நண்பனிடம் வாங்கிய பழைய பிஎஸ்3 (பிளேஸ்டேஷன் 3) கன்சோல் ஒன்றும், படத்தைக் கணினிக்குள் இழுக்கும் கட்டைவிரல் அளவு யூஎஸ்பி கேப்சர் டாங்கிளும் பையில் இருந்தன. "மாமா, விளையாடுறதை ரெக்கார்ட் பண்ணி யூடியூப்ல போடணும்" என்றான். டாங்கிளைச் செருகினால் லேப்டாப்பில் கறுப்புத் திரை. அதே கேபிளை டிவியில் செருகினால் படம் பளிச்சென்று வருகிறது. டாங்கிள் விற்ற கடைக்காரர் போனில் சொன்ன மருந்து ஒரே வரி: "ஒரு ஸ்பிளிட்டர் போட்டா சரியாயிடும் தம்பி."

இதே வரியை நானும் பல வருடமாகக் கேட்டு வருகிறேன். டிவியில் லேக் (தாமதம்) வருகிறதா, ஸ்பிளிட்டர். படம் கறுப்பா, ஸ்பிளிட்டர். பிஎஸ்5 வாங்கினேன், எப்படிப் பதிவு செய்வது? அதற்கும் ஸ்பிளிட்டர். தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் ஒரே மாத்திரை மாதிரி. ஸ்பிளிட்டர் எதையும் பதிவு செய்வதில்லை. ஒரு சிக்னலை இரண்டாக்கித் தருவதோடு அதன் வேலை முடிந்தது. அந்த வேலை உங்களுக்குத் தேவையா என்பதைப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதலில், விளையாடும்போது உங்கள் கண் எந்தத் திரையில் இருக்கும்? மற்ற எல்லாவற்றையும் இதற்குப் பிறகுதான் கேட்க வேண்டும். விநாடிக்கு 60 பிரேம் ஓடும் விளையாட்டில் ஒரு பிரேமின் ஆயுள் 16.7 மில்லி விநாடி. கன்சோலிலிருந்து கிளம்பிய படம் கேப்சர் கருவிக்குள் நுழைந்து, யூஎஸ்பி வழியாகக் கணினிக்குப் போய், ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருளின் ஜன்னலில் தெரிவதற்குள் பல பிரேம்கள் கடந்துவிடும். ஆற அமர யோசித்து ஆடும் புதிர் விளையாட்டுக்கு அது பெரிய விஷயமில்லை. கிரிக்கெட் விளையாட்டில் அந்த ஜன்னலைப் பார்த்து ஆடினால், பந்து ஸ்டம்பைத் தட்டிய பிறகுதான் பொத்தானை அமுக்கிக்கொண்டிருப்பீர்கள். ஆகவே டிவிக்கு நேரடியாக ஒரு படம், கணினிக்கு இன்னொரு படம் என்று இரண்டு தேவைப்படுகிறது. ஸ்பிளிட்டர் என்ற யோசனை பிறப்பதே இங்கேதான்.

இரண்டாவது, உங்கள் கன்சோல் எச்டிசிபி என்ற நகல் தடுப்புப் பூட்டைப் போட்டு படத்தை அனுப்புகிறதா, அதைக் கழற்ற அமைப்புகளில் வழி உண்டா? மூன்றாவது, ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் பதிவாக வேண்டும், என்ன தரத்தில்? நான்காவது, பெட்டியின் விலை போக வேறென்ன செலவு? முதல் இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் பாதிப் பேருக்கு முடிவு அங்கேயே கிடைத்துவிடும். மற்றவை பேரம் பேசுகிற விஷயங்கள்.

## வழி 1: கன்சோலே பதிவு செய்துகொள்வது

இதற்குக் காசு செலவில்லை, வயரும் வேண்டாம். பலர் இதை முயன்று பார்க்காமலே கடைக்குப் போகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

பிஎஸ்4-இல் ஷேர் பொத்தானை அமுக்கினால் கடைசி 15 நிமிடம் கிடைக்கும். அமைப்பை மாற்றினால் 60 நிமிடம் வரை போகும். படத்தின் தெளிவு சாதாரண பிஎஸ்4-இல் 720பி (720 வரி), புரோவில் 1080பி. பிஎஸ்5-இலும் ஒரு மணி நேரம் வரை எடுக்கலாம், தரம் 4கே வரை ஏறும். எக்ஸ்பாக்ஸில் உள் சேமிப்பில் சில நிமிடங்களுக்கு மேல் போகாது. என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்த வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் செருகினால் ஒரு மணி நேரம் வரை எடுக்கலாம். நிண்டெண்டோ ஸ்விட்ச் இந்த விஷயத்தில் கஞ்சம். 2017 அக்டோபரில் வந்த புதுப்பிப்பில் காணொளிப் பதிவைச் சேர்த்தார்கள். அதுவும் கடைசி 30 விநாடி, அதையும் எல்லா விளையாட்டும் அனுமதிப்பதில்லை.

எங்கே உதைக்கும்? விளையாட்டைத் தயாரித்தவர்கள் நினைத்தால் சில காட்சிகளில், சில நேரம் விளையாட்டு முழுவதிலுமே, இந்தப் பதிவை முடக்கிவிடலாம். பிஎஸ்4-இல் பெர்சோனா 5 வந்தபோது ஷேர் பொத்தான் வேலை செய்யாமல் பலர் விழித்தது அப்படித்தான். இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஆடிப் பேசிக்கொண்டே பதிவு செய்ய நினைப்பவருக்கு ஒரு மணி நேர எல்லை இடைஞ்சல். பதிவானதை யூஎஸ்பி டிரைவில் நகலெடுத்துக் கணினிக்குக் கொண்டுபோகிற வேலையும் தினமும் செய்தால் அலுத்துவிடும்.

கோல் போட்ட அரை நிமிடத்தையோ, ஒரு பாஸ் சண்டையையோ நண்பர்களுக்கு அனுப்பத்தான் ஆசை என்றால் இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

## வழி 2: மலிவு டாங்கிளும் ஸ்பிளிட்டரும்

அதிகம் பேர் இறங்குவது இங்கே. அதிகம் பேர் சறுக்குவதும் இங்கே. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இணைப்பு எளிது. கன்சோலிலிருந்து ஸ்பிளிட்டருக்கு ஒரு கேபிள். ஸ்பிளிட்டரின் முதல் வாயிலிருந்து டிவிக்கு ஒன்று, இரண்டாவது வாயிலிருந்து டாங்கிளுக்கு ஒன்று, டாங்கிள் லேப்டாப்பில். கண் டிவியில், பதிவு லேப்டாப்பில். ஸ்பிளிட்டரால் டிவிப் படம் தாமதமாகிறதா என்று கேட்கிறார்கள். படத்தின் அளவை மாற்றாத சாதாரண ஸ்பிளிட்டர் கண்ணுக்கோ கைக்கோ தெரிகிற எந்தத் தாமதத்தையும் சேர்க்காது. இந்த ஒரு குணத்துக்காகவே அது வாழ்கிறது.

கடையில் ஏமாறும் இடம். ஸ்பிளிட்டர் என்றால் ஒன்று உள்ளே, இரண்டு வெளியே. எச்டிஎம்ஐ ஸ்விட்ச் (நிண்டெண்டோ கன்சோல் அல்ல) என்றால் இரண்டு உள்ளே, ஒன்று வெளியே. இரண்டு பெட்டியும் ஒன்றுபோல இருக்கும், மூன்று ஓட்டை. எனக்குக் கிடைத்த முதல் "ஸ்பிளிட்டர்" மேலே ஒரு பொத்தான் வைத்திருந்தது. பொத்தானை அமுக்கினால் டிவியில் படம். மறுபடி அமுக்கினால் டிவி போய் லேப்டாப்பில் படம். "ரெண்டு பக்கமும் வரும் சார்" என்று கடைப் பையன் சொன்னது பொய்யில்லைதான், ஒரே நேரத்தில் வரும் என்று அவன் சொல்லவில்லை. பொத்தான் இருந்தால், மின் இணைப்பு கேட்காவிட்டால், "இருதிசை" என்று எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள். ஒரு முனை இரண்டாகப் பிரியும் ஒய் வடிவ எச்டிஎம்ஐ கேபிளையும் தொடாதீர்கள். எச்டிஎம்ஐ என்பது இருபக்கமும் பேசிக்கொள்ளும் டிஜிட்டல் இணைப்பு. வயரைப் பிரித்து முறுக்கிவிட்டால் இரண்டு திரைக்கும் போய்ச் சேரும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஜாதகப் பொருத்தம். கேபிளைச் செருகியதும் டிவி தன் ஜாதகத்தைக் கன்சோலுக்கு அனுப்பும்: எனக்கு 4கே தெரியும், எச்டிஆர் (வெளிச்சமும் நிறமும் கூடிய படம்) தெரியும், இந்த வகை ஒலி தெரியும் என்று. இதற்கு ஈடிஐடி என்று பெயர். ஸ்பிளிட்டர் நடுவே வந்துவிட்டால் இரண்டு ஜாதகம் வருகிறது, கன்சோலுக்கு ஒன்றைத்தான் காட்ட முடியும். சில ஸ்பிளிட்டர்கள் முதல் வாயில் இருப்பவரின் ஜாதகத்தை அப்படியே கொடுத்துவிடும். சில, இருவருக்கும் பொதுவானதை மட்டும் கொடுக்கும். டாங்கிளுக்கு 1080பி வரைதான் தெரியும் என்றால், பக்கத்தில் இருக்கிற உங்கள் 4கே டிவியும் 1080பிக்கு இறங்கிவிடும். டிவிக்கு 4கே, மற்ற வாயில் 1080பி என்று குறைத்துத் தரும் ஸ்பிளிட்டர்களும் விற்கிறார்கள், விலை கூடுதல். எச்டிஆர் படம் அப்படியே டாங்கிளுக்குப் போய்விட்டால் பதிவில் நிறமெல்லாம் சோப்பு போட்டு வெளுத்த சட்டை மாதிரி இருக்கும். பதிவு செய்கிற நாளில் கன்சோலில் எச்டிஆரை அணைத்துவிடுவது நல்லது.

பெட்டிமேல் "4கே" என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். எச்டிஎம்ஐ 1.4-இன் 10.2 ஜிகாபிட் கொள்ளளவில் 4கே விநாடிக்கு 30 பிரேம்தான் போகும். 60 பிரேமுக்கு 2.0 வேண்டும், அதாவது 18 ஜிகாபிட். புதிய கன்சோல்களின் 4கே 120 பிரேமுக்கு 2.1. மலிவு ஸ்பிளிட்டரை நடுவில் வைத்தால் 120 பிரேமும் விஆர்ஆரும் (விளையாட்டின் பிரேம் வேகத்துக்கேற்ப டிவி தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி) காணாமல் போவது சகஜம். பெரிய விலை கொடுத்து வாங்கிய டிவி, சில நூறு ரூபாய்ப் பெட்டியின் அளவுக்குக் குனிந்து நிற்கும்.

பூட்டு. அக்கா மகனின் கறுப்புத் திரைக்குக் காரணம் இதுதான். பிஎஸ்3-இன் எச்டிஎம்ஐயில் எச்டிசிபி எப்போதும் போட்டபடியே இருக்கும், அணைக்க வழியே கிடையாது. டாங்கிளால் அந்தப் பூட்டைத் திறக்க முடியாது. விதிப்படி செய்த ஸ்பிளிட்டர் பூட்டிய படத்தைப் பூட்டியபடியேதான் இரண்டு பக்கமும் அனுப்பும். எனவே ஸ்பிளிட்டர் போட்டாலும் டாங்கிள் பக்கம் கறுப்புதான். கடைக்காரர் சொன்ன மருந்து வேலை செய்ய வேண்டுமானால் அந்த ஸ்பிளிட்டர் பூட்டை உடைத்து அனுப்புகிற ரகமாக இருக்க வேண்டும். அப்படிச் சில மலிவுப் பெட்டிகள் செய்கின்றன, எச்டிசிபி உரிம விதிகளுக்குப் புறம்பாக. எது செய்யும், எது செய்யாது என்று பெட்டிமேல் எழுதியிருக்காது. ஒரே பெயரில் ஒரே நிறத்தில் வரும் இரண்டு பெட்டிகளுக்குள் வேறு வேறு சிப் இருக்கலாம். வாங்கிப் பார்ப்பது லாட்டரிதான். சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன்: 2012 திருத்தத்தில் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு இத்தகைய பாதுகாப்பை உடைப்பதைத் தண்டனைக்குரியதாக்கியிருக்கிறது. சொந்தமாக ஆடியதைப் பதிவு செய்பவரின் நோக்கம் அதுவல்ல என்றாலும், தெரிந்து வாங்குங்கள்.

பிஎஸ்4, பிஎஸ்5 வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. பிஎஸ்4-இல் அமைப்புகள், சிஸ்டம் என்று போனால் எச்டிசிபியை அணைக்கும் இடம் இருக்கிறது. பிஎஸ்5-இல் சிஸ்டத்துக்குள் எச்டிஎம்ஐ என்ற பகுதியில். அணைத்திருக்கும்வரை படம் பார்க்கும் செயலிகள் ஓடாது. வீட்டில் யாராவது சீரியல் பார்க்க உட்கார்ந்தால் உங்களைத் திட்டுவார்கள், அவ்வளவுதான். எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் படத்தைப் பூட்டுவதில்லை, படச் செயலிகளைத்தான் பூட்டும்.

டாங்கிளின் சங்கதி. 1080பியில் 60 பிரேமைச் சுருக்காமல் அனுப்ப விநாடிக்குச் சுமார் 2 ஜிகாபிட் வேண்டும். யூஎஸ்பி 2.0-இன் உச்சமே 480 மெகாபிட். அதனால் மலிவு டாங்கிள் ஒவ்வொரு பிரேமையும் ஜேபெக் படம்போல் நசுக்கித்தான் அனுப்புகிறது, பெரும்பாலும் 30 பிரேமில். புல்வெளி, மழை, வெடிப்பு வரும் இடங்களில் கட்டம் கட்டமாகத் தெரிவது அதனால்தான். யூஎஸ்பி முனையில் நீல பிளாஸ்டிக் இருந்தால் 3.0 என்று நம்பிவிடாதீர்கள். நீல பிளாஸ்டிக் போட்ட 2.0 டாங்கிள்கள் நிறைய உலவுகின்றன. சில டாங்கிள்களில் ஸ்டீரியோ ஒலி கணினிக்கு மோனோவாகத் தெரியும் கோளாறும் உண்டு.

ஒலி என்றதும் என் சொந்தக் கதை ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டரை மணி நேரம் பதிவு செய்தேன். திரும்பப் போட்டால் என் குரல் மட்டும் கேட்கிறது. விளையாட்டில் பூனை நடந்த சத்தம்கூட இல்லை. டிவியோடு இணைத்த ஹோம் தியேட்டருக்காகக் கன்சோலில் டால்பி என்ற சுற்றொலி முறையை வைத்திருந்தேன். அந்த மொழி டாங்கிளுக்குத் தெரியாது. ஸ்பிளிட்டர் இரண்டு பக்கமும் ஒரே ஒலியைத்தான் அனுப்பும், மொழிபெயர்க்காது. கன்சோலில் இரண்டு சேனல் பிசிஎம் (சுருக்காத சாதாரண ஸ்டீரியோ ஒலி) என்று மாற்றியதும் சரியாகிவிட்டது. அதாவது பதிவு செய்கிற நாளில் டிவி பக்கமும் 5.1 ஒலி கிடையாது. இதை விலைப்பட்டியலில் யாரும் போடுவதில்லை.

வேறு செலவுகள்: கூடுதலாக இரண்டு எச்டிஎம்ஐ கேபிள். ஸ்பிளிட்டருக்கு ஒரு 5 வோல்ட் அடாப்டர், அதற்கொரு பிளக் பாயிண்ட். அடாப்டர் செத்தால் பதிவோடு டிவிப் படமும் போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும், இந்த ஜோடி நன்றாகப் பொருந்தும் ஆள் உண்டு. முதல் தலைமுறை நிண்டெண்டோ ஸ்விட்ச் வைத்திருப்பவர். டிவியோடு இணைக்கும் டாக்கில் வைத்தால் அது தருவது அதிகபட்சம் 1080பி. 4கே, எச்டிஆர் வம்பெல்லாம் இல்லை. உள்ளே இருக்கிற 30 விநாடிப் பதிவு எதற்கும் போதாது. எனவே ஸ்பிளிட்டர் போட்டால் எதையும் இழக்கப்போவதில்லை. ஸ்விட்ச் லைட்டுக்கு மட்டும் டிவி இணைப்பே கிடையாது, அதை வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். அதேபோல் கேமராவுக்காக வாங்கிய கேம் லிங்க் 4கே போன்ற நல்ல கேப்சர் கருவி கையில் இருந்தால், அதில் பாஸ்த்ரூ (டிவிக்குப் படத்தைக் கடத்தும் வாய்) இல்லை என்பதற்காகப் புதிதாக இன்னொன்று வாங்காதீர்கள். ஒரு நல்ல ஸ்பிளிட்டர் அந்தக் குறையைத் தீர்த்துவிடும்.

## வழி 3: பாஸ்த்ரூ உள்ள கேப்சர் கார்டு

கார்டின் முதுகிலேயே இரண்டு எச்டிஎம்ஐ வாய் இருக்கும். ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. வெளியே போவது டிவிக்கு. ஸ்பிளிட்டரைக் கார்டுக்குள்ளேயே வைத்துத் தைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜாதகப் பொருத்தத்தையும் கார்டே பார்த்துக்கொள்ளும். டிவிக்கு 4கே எச்டிஆர், கணினிக்கு 1080பி என்று தனித்தனியாகக் கொடுக்கும் கார்டுகள் உண்டு. எல்காட்டோ எச்டி60 எஸ் 2016-இல் வந்தபோது 1080பி 60 பிரேம்தான் கடத்தியது. 2022-இல் வந்த எச்டி60 எக்ஸ் 4கே 60 பிரேமையும் எச்டிஆர், விஆர்ஆரையும் டிவிக்குக் கடத்துகிறது. ஏவர்மீடியாவின் லைவ் கேமர் போர்ட்டபிள் 2 போன்றவை கணினியே இல்லாமல் எஸ்டி கார்டில் எழுதும், லேப்டாப் இல்லாதவருக்கு அது வரம்.

விலைதான் இடிக்கும். நல்ல பெயருள்ள கார்டு பத்தாயிரத்தைத் தாண்டிவிடும். மறைந்திருக்கும் செலவு கணினி பக்கம். உண்மையான யூஎஸ்பி 3.0 போர்ட் வேண்டும், 60 பிரேமை நசுக்கிச் சேமிக்கும் தெம்புள்ள மெஷின் வேண்டும். சேமிப்பு இடமும் கேட்கும்: விநாடிக்கு 12 மெகாபிட்டில் பதிவு செய்தால் ஒரு மணி நேரம் 5.4 ஜிபி, 40 மெகாபிட்டுக்கு ஏற்றினால் 18 ஜிபி. வாரம் மூன்று நாள் பதிவு செய்பவர் ஹார்ட் டிஸ்க்குக்கும் தனியாக ஒதுக்கி வைக்க வேண்டும்.

பூட்டு விஷயத்தில் விலை உயர்ந்த கார்டு உங்களைக் காப்பாற்றாது. பிஎஸ்3-ஐ எச்டிஎம்ஐயில் இணைத்தால் பத்தாயிரம் ரூபாய்க் கார்டும் கறுப்புத் திரைதான் காட்டும்.

பிஎஸ்5 அல்லது எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், நல்ல 4கே டிவி, தொடர்ந்து பதிவு செய்கிற உத்தேசம். மூன்றும் இருந்தால் ஸ்பிளிட்டரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், நேராக இதற்குச் சேமியுங்கள். இடையில் டாங்கிள், ஸ்பிளிட்டர், இன்னொரு ஸ்பிளிட்டர் என்று வாங்கிக் கடைசியில் கார்டும் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். நானே ஒருவன்.

## வழி 4: மஞ்சள், வெள்ளை, சிவப்பு

பிஎஸ்1, பிஎஸ்2 வைத்திருப்பவர்கள் வேறு ஜாதி. இங்கே ஸ்பிளிட்டர் என்றால் அனலாக் ஸ்பிளிட்டர். பூட்டு கிடையாது, ஜாதகம் கிடையாது. ஒய் கேபிளை வைத்து மஞ்சள் பின்னை இரண்டாக்கினால் இரண்டு பக்கமும் படம் வந்தேவிடும். ஆனால் மங்கலாக வரும்.

காரணம் எளிய கணக்கு. வீடியோ சிக்னல் 75 ஓம் சுமையை எதிர்பார்த்து 1 வோல்ட் அனுப்புகிறது. டிவி ஒரு 75 ஓம், கேப்சர் கருவி இன்னொரு 75 ஓம். இரண்டும் பக்கம் பக்கமாக உட்கார்ந்தால் சுமை 37.5 ஓம் ஆகிவிடும், சிக்னல் மூன்றில் இரண்டு பங்குக்கு, சுமார் 0.67 வோல்ட்டுக்குச் சரியும். சில டிவிகள் தாமே சரிக்கட்டிக்கொள்ளும். சிலவற்றில் இருட்டுக் காட்சியில் ஒன்றும் தெரியாது, சிலவற்றில் படமே உருளும். ஒலிக்கு இந்தப் பிரச்சினை இல்லை. வெள்ளை, சிவப்புப் பின்களுக்குச் சாதாரண ஒய் கேபிள் போதும். மஞ்சளுக்கு மட்டும் மின்சாரத்தில் ஓடும் விநியோகப் பெருக்கி வேண்டும். கேபிள் டிவி சாமான் விற்கும் கடையில் ஏவி ஸ்பிளிட்டர் ஆம்ப்ளிஃபயர் என்று கேட்டுப் பாருங்கள்.

அதற்கும் முன் வீட்டுப் பரணைப் பாருங்கள். பழைய விசிஆர் இருந்தால் அதன் ஏவி இன்னில் கன்சோலைச் செருகி, ஏவி அவுட்டைக் கேப்சருக்கும் ஆன்டெனா (ஆர்எஃப்) அவுட்டை டிவிக்கும் கொடுக்கலாம். சில பழைய பிக்சர் டியூப் டிவிகளின் முதுகிலேயே ஏவி அவுட் இருக்கும். அது காசில்லாத ஸ்பிளிட்டர். துப்பாக்கி விளையாட்டு ஆடுபவர்கள் இந்த டியூப் டிவியை விட முடியாது. பிஎஸ்1-இன் கன்கான் துப்பாக்கி வேலை செய்ய டியூப் வேண்டும், அதன் வயரே மஞ்சள் பின்னில் நடுவே செருகிக்கொள்ளும் வகையில்தான் வரும்.

மலிவு ஏவி-யூஎஸ்பி டாங்கிளில் இரண்டு பொறி உண்டு. ஒன்று, பால், என்டிஎஸ்சி என்ற இரண்டு பழைய டிவி முறைகளில் எது என்ற அமைப்பு. நம் ஊரில் விற்ற கன்சோல்கள் பெரும்பாலும் பால். வெளிநாட்டிலிருந்து வந்தது என்றால் என்டிஎஸ்சியாக இருக்கலாம். தவறாக வைத்தால் படம் கறுப்பு வெள்ளையாக வரும், கன்சோல் கெட்டுவிட்டது என்று பயந்துவிடாதீர்கள். இன்னொன்று, பிஎஸ்1 போன்றவை பெரும்பாலும் 240 வரி முழுப்படமாக அனுப்புகின்றன. டாங்கிள் அதை 480 வரி இடைவரிப் படம் (ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி மாறி வருவது) என்று நினைத்து இரண்டு படத்தை ஒன்றாகப் பின்னிவிடும். ஒரு பிரேம் விட்டு ஒரு பிரேம் மின்னவைத்து நிழல் காட்டும் பழைய விளையாட்டுகளில், பதிவில் நிழல் சீப்புப் பல்லாகத் தெரியும், இல்லாவிட்டால் மறைந்தே போகும்.

பிஎஸ்3-உம் இந்தக் குடும்பத்தோடு சேரும். பிஎஸ்2-இல் இருக்கிற அதே ஏவி மல்டி அவுட் வாய் அதிலும் உண்டு. பச்சை, நீலம், சிவப்பு காம்போனென்ட் கேபிளைச் செருகினால் எச்டிசிபி இல்லாத எச்டி படம் வரும். ஒரே நேரத்தில் எச்டிஎம்ஐயிலும் காம்போனென்டிலும் படம் வராது என்பதால், டிவிக்கும் அதிலிருந்துதான் பிரித்துத் தர வேண்டும். 2008-இல் வந்த ஹாப்பாக் எச்டி பிவிஆர் போன்ற பெட்டிகள் காம்போனென்டிலேயே பாஸ்த்ரூ வைத்திருந்தன. பழைய சாமான் சந்தையில் இன்னும் கண்ணில் படும்.

## ஒரே பார்வையில்

| | கன்சோல் பதிவு | டாங்கிள் + ஸ்பிளிட்டர் | பாஸ்த்ரூ கார்டு | அனலாக் ஸ்பிளிட்டர் |
|---|---|---|---|---|
| டிவியில் லேக் | இல்லை | இல்லை | இல்லை | இல்லை |
| தொடர் நேரம் | 30 விநாடி முதல் 60 நிமிடம் | டிஸ்க் நிரம்பும்வரை | டிஸ்க் நிரம்பும்வரை | டிஸ்க் நிரம்பும்வரை |
| 4கே, எச்டிஆர் டிவி | பாதிப்பில்லை | பெரும்பாலும் இறங்கும் | மாடலைப் பொறுத்தது | பொருந்தாது |
| எச்டிசிபி | பிரச்சினை இல்லை | கன்சோலில் அணைக்க வேண்டும் | கன்சோலில் அணைக்க வேண்டும் | கிடையாது |
| மறைந்த செலவு | நகலெடுக்கும் நேரம் | கேபிள், அடாப்டர், 5.1 ஒலி | கணினி, சேமிப்பு | பெருக்கி, தேடி அலையும் நேரம் |
| யாருக்கு | துண்டுக் காட்சி | ஸ்விட்ச், 1080பி டிவி | பிஎஸ்5, தொடர் பதிவு | பிஎஸ்1, பிஎஸ்2, பிஎஸ்3 |

## வாங்கிய பிறகு

ஸ்பிளிட்டர் வைத்தவர்களுக்கு இரண்டு பழக்கம் சொல்லித் தருகிறேன். முதலில் டிவி, அப்புறம் ஸ்பிளிட்டர், கடைசியில் கன்சோல் என்ற வரிசையில் போடுங்கள். வரிசை மாறினால் சில பெட்டிகள் ஜாதகத்தை வாங்காமலே உட்கார்ந்திருக்கும், படம் வராது. ஒத்துவராத தெளிவில் மாட்டிக்கொண்டு பிஎஸ்3 கறுப்பாகிவிட்டால், அணைத்துவிட்டு இரண்டாவது பீப் கேட்கும்வரை பவர் பொத்தானை அமுக்கிப் பிடித்தால் வீடியோ அமைப்பு பழையபடி ஆகிவிடும். பிஎஸ்4, பிஎஸ்5-இல் அதே வேலையை சேஃப் மோடுக்குள் போய்ச் செய்யலாம்.

அடுத்தது, குரல். நீங்கள் பேசுவது மைக்கிலிருந்து உடனே போய்விடும், விளையாட்டுப் படம் டாங்கிள் வழியாக மெதுவாக வரும். பதிவில் நீங்கள் "ஐயோ" என்ற பிறகுதான் வெடி வெடிக்கும். ஒரு நிமிடச் சோதனைப் பதிவு எடுங்கள். குதிக்கும் பொத்தானை அமுக்கும் அதே கணத்தில் "டக்" என்று சொல்லுங்கள். எடிட்டரில் டக்குக்கும் குதிப்புக்கும் நடுவே எத்தனை பிரேம் என்று எண்ணுங்கள். விநாடிக்கு 60 பிரேம் என்றால் 6 பிரேம் 100 மில்லி விநாடி. ஓபிஎஸ்ஸில் ஒலிக்கான மேம்பட்ட அமைப்பில் மைக்கின் சிங்க் ஆஃப்செட்டில் (ஒலியைத் தள்ளிப்போடும் இடம்) அந்த மில்லி விநாடி எண்ணைப் போட்டால் போதும்.

அக்கா மகன் நான் சொல்வதைக் கேட்கவில்லை, முதலில் ஸ்பிளிட்டரைத்தான் வாங்கி வந்தான். ஒழுங்கான பெட்டி போல, பூட்டைத் தொடவே இல்லை. லேப்டாப்பில் அதே கறுப்பு. பிறகு ஒரு காம்போனென்ட் கேபிளும், என் நண்பர் வீட்டில் தூசி படிந்து கிடந்த காம்போனென்ட் கேப்சர் பெட்டியும் கிடைத்தன. பிஎஸ்3 அமைப்பில் காம்போனென்ட் என்று மாற்றியதும் டிவியிலும் லேப்டாப்பிலும் ஒன்றாகப் படம் வந்தது. "மாமா, சத்தமும் வருது" என்று கத்தினான். அந்த ஸ்பிளிட்டரை இங்கேயே விட்டுவிட்டுப் போனான். இப்போது என் ஸ்விட்ச்சுக்கும் டிவிக்கும் நடுவே பச்சை விளக்கு எரிய உட்கார்ந்திருக்கிறது.